மஷூறாவும் தவக்குலும்: கிழக்குக் கரை முஸ்லிம்களின் தீர்மான நெறி பற்றிய ஓர் ஆய்வு

சம்மாந்துறையிலும் கல்முனையிலும், நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும், ஒரு காரியத்தில் இறங்குமுன் விஷயமறிந்தவரிடம் மஷூறா (கலந்தாலோசனை) செய்ய வேண்டும் என்பதை மறுப்பவர் இல்லை. அல்லாஹ்வின் கட்டளைக்கு மாறாக எதனையும் தீர்மானிக்கலாகாது என்பதை மறுப்பவரும் இல்லை. எல்லாரும் ஏற்றுக்கொண்ட இவ்விரு கொள்கைகளும் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்துகின்றன என்று வினவினால்தான் விடைகள் வேறுபடத் தொடங்குகின்றன. ஊராரைக் கூட்டி அபிப்பிராயம் கேட்பது உலக விவகாரமென்றும், இரவில் எழுந்து இரண்டு ரக்அத் தொழுது துஆக் கேட்பது மார்க்க விவகாரமென்றும் பிரித்து, முன்னதன் முடிவுக்குப் பின்னதால் முத்திரை குத்திக்கொள்பவர் ஒரு சாரார். அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டிவிட்டவனுக்கு மனிதருடைய யோசனை எதற்கு என்று கேட்பவர் இன்னொரு சாரார். பத்துப் பேர் கூடிச் சொன்னதால் அதுவே இறைவனின் நாட்டமாகவும் இருக்கும் என்று திருப்தியடைபவர் மூன்றாம் சாரார்.

இம்மூன்று நிலைப்பாடுகளையும் மூல நூல்களின் போதனையோடும், இப்பிரதேசத்தின் வழக்கங்களோடும், அண்மைக் காலத்தில் இச்சமுதாயம் எதிர்கொண்ட சோதனைகளோடும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆலோசனை கேட்பது இறைவனுக்குக் கீழ்ப்படிதலின் ஓர் அங்கமே என்பதும், ஆதலால் அதன் தகுதியை விளைந்த பலனைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது என்பதும், கேட்கப்படும் காலமும் கேட்கப்படுபவரின் தரமுமே அதன் உயிர்நிலை என்பதும் இங்கு நிறுவ முயலும் கருத்துகளாகும்.

உஹதின் பாடம்

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் ‘அஷ்ஷூறா’ (கலந்தாலோசனை) என்றே பெயர் பெற்றது. அதன் 38ஆம் வசனம், இறைவனின் அழைப்புக்குச் செவிசாய்த்தல், தொழுகையை நிலைநாட்டுதல், தம் காரியங்களைத் தமக்குள் கலந்தாலோசித்தல், அருளப்பட்டதிலிருந்து செலவு செய்தல் ஆகிய நான்கையும் விசுவாசிகளின் இலட்சணங்களாக ஒரே தொடரில் கோத்துக் கூறுகின்றது. தொழுகைக்கும் தருமத்துக்கும் நடுவே ஆலோசனை வைக்கப்பட்டிருப்பதையும், அந்த அத்தியாயம் முஸ்லிம்களுக்கு அரசோ படையோ இல்லாத மக்கா காலத்தில் அருளப்பட்டதையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, ஷூறா என்பது அரசியல் தந்திரமாக மட்டும் தோன்றாது. அது வணக்கத்தின் அயலில் வைக்கப்பட்ட ஓர் ஒழுக்கமாகவே தோன்றும்.

இதனினும் ஆழமான சான்று மூன்றாம் அத்தியாயமாகிய ஆல இம்றானின் 159ஆம் வசனத்தில் உள்ளது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில், கி.பி. 625இல், மக்காப் படை மதீனாவை நெருங்கியபோது, நகருக்குள் இருந்தே எதிர்ப்பதை நபிகள் நாயகம் (ஸல்) விரும்பினார்கள். முந்திய ஆண்டில் பத்ரில் பங்குகொள்ளும் வாய்ப்பை இழந்த இளைஞர் பலரோ வெளியே சென்று பொருத வேண்டுமென வற்புறுத்தினர். நபியவர்கள் அவர்களுடைய கருத்துக்கு இணங்கிப் போர்க்கவசம் அணிந்து வந்தார்கள். தாங்கள் அதிகம் வற்புறுத்திவிட்டோமோ என்று அவர்கள் வருந்திப் பின்வாங்கியபோது, கவசம் அணிந்த நபி ஒருவர் போர் முடியுமுன் அதனைக் களைவது தகாது என்று கூறித் தீர்மானத்தில் உறுதியாக நின்றார்கள். உஹது மலையடிவாரத்தில் சுமார் 70 தோழர்கள் உயிரிழந்தனர், நபியவர்களும் காயமுற்றார்கள்.

இத்தகைய இழப்பின் பின்னர், இனி இம்மக்களிடம் யோசனை கேட்க வேண்டாம் என்று கட்டளை வந்திருந்தால் உலக நியாயப்படி எவரும் வியந்திருக்கமாட்டார். வந்த கட்டளையோ, அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்கவும், காரியங்களில் அவர்களுடன் கலந்தாலோசிக்கவும், பின் உறுதி கொண்டதும் அல்லாஹ்வின் மீது நம்பிக்கை (தவக்குல்) வைக்கவும் பணித்தது. பிழைத்துப்போன யோசனையைச் சொன்னவரை முதலில் மன்னித்து, அதன் பிறகு மீண்டும் அவரிடமே யோசனை கேட்பது என்னும் இந்த வரிசை கவனத்துக்குரியது. ஒரு முறை நஷ்டம் வந்துவிட்டால், யோசனை சொன்னவரை ஊர் முழுவதும் தூற்றி, மறுமுறை அவர் வாய் திறவாதபடி செய்துவிடும் நம் வழக்கம் இந்த வரிசைக்கு நேர்மாறானது.

உஹதில் வெற்றி தோல்வியாக மாறியதற்கு நேரடிக் காரணம், வெளியே சென்று போரிடும் தீர்மானம் என்று கூறுவதற்கில்லை. எக்காரணம் கொண்டும் இடம்பெயர வேண்டாம் என்று குன்றின்மேல் நிறுத்தப்பட்ட 50 வில்லாளர்களில் பெரும்பாலோர், வெற்றி கிட்டிவிட்டதெனக் கருதிக் கீழிறங்கியமையே பின்புறத்தைத் திறந்துவிட்டது. கலந்தாலோசித்தபோது தலைவர் மக்களுக்கு இணங்கினார். தீர்மானம் ஆனபின் மக்களில் ஒரு பிரிவினர் தலைவருக்கு இணங்கவில்லை. ஆலோசனைக்குரிய நேரம் ஒன்று, கீழ்ப்படிதலுக்குரிய நேரம் வேறொன்று என்பதையும், பின்னது வந்தபின் முன்னதைத் தொடர்வது அழிவுக்கு ஏதுவாகும் என்பதையும் இந்த ஒரு நிகழ்ச்சியே போதிக்கின்றது.

ஆலோசனையின் எல்லை

எந்த விஷயத்தில் யோசனை சொல்லலாம், எந்த விஷயத்தில் வாய் மூடிக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் எல்லைக் கோட்டைத் தோழர்களின் நடத்தையிலிருந்தே அறியலாம். கி.பி. 624இல் பத்ரில் நபியவர்கள் ஓரிடத்தில் தங்கியபோது, ஹுபாப் இப்னுல் முன்திர் (ரழி) அந்த இடம் இறைவனால் குறிக்கப்பட்டதா அல்லது யுத்த உபாயமாகத் தெரிவு செய்யப்பட்டதா என்று முதலில் வினவினார், உபாயமே என்று அறிந்த பின்னரே, எதிரிக்கு அண்மையிலுள்ள கிணற்றடிக்குச் செல்லலாம் என்ற தம் கருத்தை வெளியிட்டார், அதுவே ஏற்கப்பட்டது. 627இல் அகழ்ப் போரின்போது, முற்றுகையிட்ட கத்பான் கோத்திரத்தாருக்கு மதீனாவின் பேரீச்சை விளைவில் மூன்றிலொன்றைக் கொடுத்துத் திருப்பியனுப்பும் யோசனை எழ, ஸஃது என்னும் பெயருடைய அன்ஸாரித் தலைவர்கள் இருவரும், இது இறை கட்டளையாயின் கீழ்ப்படிகிறோம், எங்கள் நலன் கருதிய ஏற்பாடாயின் எங்களுக்குச் சம்மதமில்லை என்னும் கருத்தைத் தெரிவித்தனர். கட்டளையா, கருத்தா என்று பிரித்தறிய வினவும் துணிவும், கட்டளையாயின் பணியும் மனமும் அவர்களிடம் ஒருங்கே இருந்தன.

இந்த அளவுகோலை நம் ஊர் விவகாரம் ஒன்றின்மேல் வைத்துப் பார்க்கலாம். வாப்பா மரணித்த பின் வயற்காணியைப் பிரிக்கக் குடும்பத்தார் கூடுகின்றனர். மகளுக்குப் பங்கு உண்டா, எவ்வளவு என்பது நான்காம் அத்தியாயம் திட்டமாக வகுத்துவிட்ட விஷயம்; அங்கு மூத்தவர்களின் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. எந்த வரவைக்கு எவரைப் பொறுப்பாக்குவது, காணியைத் துண்டாடாமல் வருமானத்தைப் பங்கிடலாமா, உம்மா இருக்கும் காலம் வரை என்ன ஏற்பாடு என்பனவெல்லாம் கலந்து பேசத்தக்கவை. நடைமுறையிலோ கல்யாணத்தின்போது வீடும் வளவும் கொடுத்தாயிற்று என்பதைக் காட்டி மகளின் பங்கையே கூடியிருந்து ‘தீர்மானித்து’, அதற்கு மஷூறா என்று பெயரிடுவதும் உண்டு. சம்பந்தப்பட்டவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. ஆனால் இறைவன் தீர்த்து வைத்ததை மீண்டும் வாக்குக்கு விடும் அதிகாரம் எந்தச் சபைக்கும் இல்லை. படைத்தவனுக்கு மாறு செய்யும் விஷயத்தில் படைக்கப்பட்டவனுக்குக் கீழ்ப்படிதல் கிடையாது என்னும் நபிமொழி, அதிகாரம் படைத்த அரசனுக்கு மட்டுமன்றிக் கூடத்தில் அமர்ந்திருக்கும் குடும்பப் பெரியவருக்கும் பொருந்தும்.

ஆலோசகருக்குரிய இலக்கணம்

ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞரும் 1058இல் காலமானவருமாகிய இமாம் மாவர்தி, ஆலோசனை கேட்கப்படத் தகுந்தவருக்கு ஐந்து பண்புகளை வகுத்தார்: அனுபவத்தோடு கூடிய நிறைந்த அறிவு, மார்க்கப் பற்றும் இறையச்சமும், நலம் நாடும் நேசம், கவலைகளால் சிதறாத சிந்தை, கேட்கப்படும் விஷயத்தில் தமக்கென ஓர் ஆதாயமோ ஆசையோ இல்லாமை. இவ்வைந்தில் முதலிரண்டையும் நாம் ஓரளவு தேடுகின்றோம். இறுதியதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். காணி விற்பனையில் தரகரையும், வெளிநாட்டு வேலையில் அனுப்பும் முகவரையும், வாக்களிப்பதில் வேட்பாளரின் ஆளையும் ஆலோசகராகக் கொள்பவர், அவர்களுடைய அறிவு எத்துணைப் பெரிதாயினும், மாவர்தியின் ஐந்தாம் நிபந்தனையைத் துறந்தவரே ஆவர். திருவள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரம் வகுத்து, தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணையை அரசனுக்கு இன்றியமையாததாகக் கூறியதும் இதே உணர்ச்சியால்தான். உடன்பட்டுத் தலையாட்டுபவரிடம் யோசனை கேட்பது தன் குரலைத் தானே மறுபடி கேட்பதற்கு ஒப்பாகும்.

ஆலோசனை கேட்கப்பட்டவர் ஓர் அமானிதத்தைப் பெற்றவராகின்றார் என்பது நபிமொழி. பாத்திமா பின்த் கைஸ் (ரழி) என்னும் பெண்மணி தம்மை மணம் கேட்ட இருவரைப் பற்றி விசாரித்தபோது, ஒருவர் பொருளற்றவர், மற்றவர் கைத்தடியைக் கீழே வைக்காதவர் என்று இருவரின் நிலையையும் ஒளிக்காது எடுத்துரைத்த நபியவர்கள், அவ்விருவரையும் விடுத்து உஸாமாவை (ரழி) மணக்குமாறு கூறினார்கள். கல்யாண விசாரணையில் கேட்கப்படும்போது உள்ள குறையைக் கூறுவது புறம்பேசுதல் ஆகாது என்று அறிஞர்கள் தெளிவுபடுத்தியது இதனை ஆதாரமாகக் கொண்டே. மாப்பிள்ளையைப் பற்றி அயலவரிடம் விசாரிக்கும்போது, ‘நமக்கேன் வம்பு’ என்று நல்லவர் வல்லவர் எனப் புகழ்ந்து அனுப்பிவிட்டு, ஆறு மாதத்தின் பின் காதி நீதிமன்ற வாசலில் அந்தப் பிள்ளை நிற்பதைக் கண்டு பரிதாபப்படுபவர், அமானிதத்தைக் காத்தவராக மாட்டார்.

பெண்களின் ஆலோசனை பற்றி வழக்கம் ஒன்றும் பிரமாணம் வேறொன்றுமாக நிற்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். 628இல் ஹுதைபிய்யாவில், உடன்படிக்கையின் நிபந்தனைகளால் மனமுடைந்த தோழர்கள் பலியிட்டுத் தலைமுடி களையுமாறு இடப்பட்ட கட்டளைக்கும் அசையாதிருந்தபோது, எவரிடமும் பேசாது தாமே முன்சென்று அதனைச் செய்யுமாறு யோசனை கூறியவர் நபியவர்களின் துணைவியார் உம்மு ஸலமா (ரழி) அவர்கள். நபியவர்கள் அவ்வாறு செய்ததும் மக்கள் அனைவரும் பின்தொடர்ந்தனர். குழந்தைக்குப் பால் மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்தாலோசித்தே தீர்மானிக்க வேண்டும் என்று இரண்டாம் அத்தியாயம் (2:233) கூறுகின்றது. வீட்டின் உள்ளறையிலேயே ஷூறாவைத் தொடங்கிவைத்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர், ஊர்ச் சபையின் வாசலில் மட்டும் பெண்ணின் கருத்தை நிறுத்திவைப்பதற்கு நியாயம் தேடுவது அரிது.

ஊர் வழக்கும் ஸ்தாபனங்களும்

கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் கலந்தாலோசனை பழைமையான வேர்களை உடையது. தாய்வழியே தொடரும் குடி முறை, மட்டக்களப்பு, அம்பாறைப் பிரதேசத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பொதுவாகக் காணப்படுவது; அக்கரைப்பற்றில் நெடுங்கால ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். கோவிலில் குடிகளின் சார்பாக வண்ணக்கர் இருப்பதைப் போலவே, பள்ளிவாசலில் ஒவ்வொரு குடியின் சார்பாகவும் மரைக்காயர் அமர்ந்து நிர்வாகத்தையும் பிணக்குகளையும் கவனித்தனர். எந்தக் குடியும் சபையில் குரலற்றுப் போகாமை இந்த ஏற்பாட்டின் சிறப்பு; தகுதியைவிடப் பரம்பரை மேலோங்கக்கூடும் என்பது அதன் குறை. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களின் நியமனத்தை வக்பு சபையின் கீழ்க் கொணர்ந்தபோது, மரபுரிமையோடு சட்டப் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் காதி நீதிமன்றங்களுக்கு இணக்கம் காணும் கடமையை விதித்ததோடு, சில வழக்குகளில் மதியுரைஞர்கள் மூவரைக் காதியுடன் அமர்த்தவும் ஏற்பாடு செய்தது. கணவன் தரப்பில் ஒருவரும் மனைவி தரப்பில் ஒருவருமாக நடுவர்களை அனுப்புமாறு பணிக்கும் திருவசனத்தின் (4:35) சாயலை இதில் காணலாம். ஆயினும் காதியும் மதியுரைஞரும் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்ற சட்ட நிலை நெடுங்காலச் சர்ச்சைக்குரியதாயிற்று. சீர்திருத்தம் ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல் அறிக்கை சமர்ப்பித்தபோது, உறுப்பினர்கள் இரு நிலைப்பாடுகளாகப் பிரிந்து நின்றமை, ஆலோசனை எப்போதும் ஏகமனதில் முடிவதில்லை என்பதற்குச் சான்று.

அரசியலிலும் ஷூறா என்னும் சொல் இடம் பெற்றது. 1948இல் சம்மாந்துறையில் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரப் தலைமையேற்று வளர்த்த முஸ்லிம் காங்கிரஸ், மஜ்லிஸ் ஷூறா என்னும் சபையைத் தன் அமைப்பில் கொண்டிருந்தது. 1924இல் தோன்றிய அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா மார்க்க விஷயங்களில் வழிகாட்ட, பல துறையினரையும் இணைக்கும் எண்ணத்துடன் தேசிய ஷூறா சபை 2013இல் எழுந்தது. இவற்றின் தேவையை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் பெயரில் ஷூறா இருப்பதால் மட்டும் நடத்தையிலும் ஷூறா வந்துவிடும் என்று கொள்வதற்கில்லை.

பெயர் சூடாமலே ஷூறாவின் நடைமுறையைக் காட்டும் ஓர் அரங்கு நம் வயல்வெளியில் உள்ளது. நீர்ப்பாசனத்தின் பழைய கூட்டு வழக்கங்களை மீட்கும் நோக்குடன் 1856இல் ஒரு சட்டம் பிறந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீரைப் பெறும் இப்பிரதேசத்தில் இன்றும் ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பின் இறுதி நாள், நெல்லினத்தின் வயது, மாடுகளை அப்புறப்படுத்தும் தேதி, தண்ணீர் மூடும் நாள் ஆகியன அங்கு விவாதிக்கப்படுகின்றன. போடியாரும் சிறு விவசாயியும், வட்டைவிதானையும் நீர்ப்பாசன அதிகாரியும் வாதாடுகின்றனர். தீர்மானம் எழுதப்பட்டபின், எதிர்த்து வாதாடியவரும் அந்தத் தேதியிலேயே விதைக்கின்றார். பிந்தி விதைப்பவர் வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளவரின் தண்ணீரைக் கெடுப்பார் என்பதை அனைவரும் அறிவர். அதன் பிறகு மழையை அல்லாஹ்விடம் ஒப்படைக்கின்றனர். ஆலோசனை, தீர்மானம், கீழ்ப்படிதல், தவக்குல் ஆகிய நான்கும் தத்தமக்குரிய வரிசையில் அங்கு நிகழ்கின்றன.

இஸ்திகாராவின் ஸ்தானம்

எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாராச் செய்வதை, குர்ஆனின் ஓர் அத்தியாயத்தைக் கற்பிப்பதுபோல் நபியவர்கள் தங்களுக்குக் கற்பித்ததாக ஜாபிர் (ரழி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. கடமையல்லாத இரண்டு ரக்அத்தின் பின், இக்காரியம் தன் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நன்றாயின் எளிதாக்கித் தரவும், தீதாயின் தன்னைவிட்டு அகற்றவும் வேண்டுவதே அதன் சாரம். கனவில் பச்சையோ சிவப்போ தோன்றும் என்பது அந்த அறிவிப்பில் இல்லை. தனக்காகப் பிறரைக் கொண்டு கனவு காணச் செய்வதும், பால் கிதாபு என்னும் சகுன நூல் பார்ப்பதும், குறி கேட்பதும் அதற்கு ஈடாகா.

இஸ்திகாராவின் பின் மனம் விரியும் பக்கம் செல்க என்றார் இமாம் நவவி. மனம் விரிந்தாலும் விரியாவிட்டாலும் தோன்றியதைச் செய்க, நன்மை அதிலேயே உண்டு என்றார் இமாம் ஸம்லகானி. இக்கருத்து வேற்றுமை ஒருபுறமிருக்க, இஸ்திகாராவுக்கு முன் அறிவும் அனுபவமும் நலம் நாடும் பண்பும் உடையோரிடம் மஷூறாச் செய்வது விரும்பத்தக்கது என்று நவவியே கூறியுள்ளார். ஆசையின் வயப்பட்ட மனம் தன் விருப்பத்தையே இறைவனின் சமிக்ஞையாகக் கருதிவிடக்கூடும். வெளியிலிருந்து வரும் நேர்மையான சொல் அந்த ஆசையைக் களைந்தபின்னரே பிரார்த்தனை உண்மையான பிரார்த்தனையாகின்றது.

அண்மைக்காலச் சோதனைகள்

2019 ஏப்ரல் 21இல் 250க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும், ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் குழந்தைகளும் மாண்ட சம்பவமும் இக்கரையின் நெஞ்சில் ஆறாத வடு. தாங்கள் மட்டுமே இறைவனுக்குக் கீழ்ப்படிவதாக எண்ணிய தாக்குதல்தாரிகள், உலமாக்களின் எச்சரிக்கையையும் ஊராரின் கண்டனத்தையும் தம்மைக் கட்டுப்படுத்தாதனவாகக் கொண்டு, ஒரு சிறு வட்டத்தின் சொல்லையே தெய்வக் கட்டளையாக்கிக்கொண்டனர். ஆலோசனையைத் துறந்த கீழ்ப்படிதல் எவ்வளவு பயங்கரமானது என்பதற்கு இதனினும் கொடிய நிரூபணம் வேண்டியதில்லை. சாய்ந்தமருதில் வந்து தங்கியிருந்தவர்களைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே என்பதும் மறக்கத் தக்கதன்று. மறுபுறம், முன்கூட்டியே கிடைத்த உளவு எச்சரிக்கைகளை அசட்டை செய்தமைக்காக முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் நஷ்டஈடு வழங்க வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேளாச் செவியின் குற்றம் அரசிடமும் இருந்தது.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் வேறொரு சோதனை. அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில், சிரியாவுக்குச் செல்லும் வழியில் அங்கு கொள்ளைநோய் என்று கேள்வியுற்ற கலீபா உமர் (ரழி), முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் குறைஷிப் பெரியோரையும் தனித்தனியே அழைத்து ஆலோசித்துத் திரும்பிவிடத் தீர்மானித்தார். இறைவிதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரழி) வினவ, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என விடையளித்தார். பின்னரே அதற்கு இசைவான நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) வந்து அறிவித்தார். 2020 மார்ச்சில் ஜம்இய்யதுல் உலமா ஜும்ஆவையும் ஜமாஅத்தையும் நிறுத்திக்கொள்ள வேண்டியபோது, வைத்தியரின் ஆலோசனைக்கு இணங்குவதும் இறைவனுக்கு இணங்குவதும் ஒன்றாயின. அதே ஆண்டு ஏப்ரலில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களும் எரிக்கப்பட வேண்டும் என்று அரசு விதித்தது. அடக்கம் செய்வதும் எரிப்பதும் இரண்டுமே ஏற்புடையன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழுவும் அவ்வாறே பரிந்துரைத்தது. 2021இல் ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்படும் வரை அந்த ஆலோசனைகள் செவியேறவில்லை; 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. தமக்கு உவந்த நிபுணரை மட்டும் கேட்பது கேளாமையின் மற்றொரு வடிவம்.

முடிவுரை

ஆலோசனையின் முடிவு தலைவரைக் கட்டுப்படுத்துமா என்பதில் அறிஞர்கள் ஒருமித்தவரல்லர். ஸகாத்தை மறுத்தோர் விஷயத்தில் பெருந்தோழர்களின் தயக்கத்தையும் மீறி அபூபக்ர் (ரழி) உறுதியாக நின்றதைக் காட்டி, கட்டுப்படுத்தாது என்போர் உண்டு. உஹதில் நபியவர்கள் இணங்கியதைக் காட்டிக் கட்டுப்படுத்தும் என்போரும் உண்டு. திட்டமான கட்டளை உள்ள இடத்தில் முன்னதும், உபாயம் சார்ந்த இடத்தில் பின்னதும் பொருந்தும் என்று கொள்வோமாயின், இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே முரண் இல்லை.

நம் ஊர்களின் குறை ஆலோசனை இன்மை அன்று. தீர்மானித்தபின் ஆலோசிப்பதே அக்குறை. கல்யாண நாள் குறித்தபின் இஸ்திகாராவும், முன்பணம் கொடுத்தபின் மஷூறாவும், நிர்வாகிகள் முடித்தபின் பொதுக்கூட்டமும் நிகழ்வதால், கேட்கப்படுபவர் சாட்சியாகின்றாரேயன்றி ஆலோசகராவதில்லை. மாற்றுக் கருத்து வந்தால் மாறத் தயாராயிருக்கும் காலத்தில் கேட்டல், ஆதாயமற்றவரைக் கேட்டல், முதியவரும் இளையவரும் அமர்ந்த உமரின் சபையைப்போல் இளைஞரையும், உம்மு ஸலமாவை நினைந்து பெண்களையும் கேட்டல், தீர்மானித்தபின் குழப்பாதிருத்தல், பிழைத்தால் யோசனை சொன்னவரை மன்னித்தல் ஆகியவற்றைப் பள்ளிவாசல் சபை முதல் குடும்பக் கூடம் வரை கடைப்பிடிக்க இயலும். இவற்றைச் செய்தவனுக்கு நஷ்டம் வராது என்று எவரும் உத்தரவாதம் அளிக்க முடியாது. உஹதில் நபியவர்களுக்கே நஷ்டம் வந்தது. ஆனால் நஷ்டம் வந்த நாளிலும் தான் கட்டளையை மீறவில்லை என்ற நிச்சயத்துடன் அடுத்த காரியத்துக்கு அதே மக்களிடம் மீண்டும் சென்று யோசனை கேட்க அவனால் முடியும். தவக்குல் என்பதற்கு நடைமுறையில் உள்ள அர்த்தம் அதுவே.